பால் காயும் பொழுதில் ஓர் ஊழ்கம்

கீழ்வானின் செம்மை கரைந்து வெள்ளொளி பரவுமுன்னரே, கோவில்பதாகை ஏரிமேல் படிந்திருந்த மென்பனி கலைய, நீர்க்கோழிகள் ஒன்றையொன்று கடிந்தவாறு ஆகாயத்தாமரைப் பரப்பைக் கிழித்து நீந்த, கரையோரத்து அடுக்ககங்களின் மொட்டைமாடிகளில் நின்ற கருநிறத் தொட்டிகள், சந்தை கலைந்தபின் விலைபோகாது கவிழ்ந்து கிடக்கும் பெருங்குடங்களெனத் தோற்றம் தர, ஆவடியினின்று சென்னைக்கு விரையும் மின்தொடர்வண்டியின் ஊதல் நெடுந்தொலைவிலிருந்து நூலிழைபோல் வந்து காதில் நுழைந்தது. அறிவும் சுவையும் ஒருங்கே வாய்ந்த அன்பரே, ஞாயிற்றுக்கிழமையின் விடியல் பிற ஊர்களுக்கு அமைதி தருவதாக இருக்கலாம். ஆவடிப் பக்கத்துக்கோ அது ஓசைகளின் திருவிழா. கோலமாவும் கல்லுப்பும் விற்கும் வண்டியொன்று தன் பதிவுக்குரலை ஒலிபெருக்கியில் கூவவிட்டுத் தெருவின் ஒரு முனையில் நுழைய, பழைய இரும்பும் பழைய பித்தளையும் கேட்கும் வண்டியொன்று மறுமுனையில் நுழைய, இரண்டன் கூவலும் நடுத்தெருவில் மோதிக்கொண்டு, விற்பவன் எவன் வாங்குபவன் எவன் என்று தெளியாமல் நாய்களெல்லாம் இருவரையும் பார்த்து நடுவுநிலையோடு குரைத்தன.

அத்தெருவின் அடுக்ககம் ஒன்றில், மூன்றாம் மாடியில், கதவடைத்த அறையொன்றனுள், முதுகைத் தூண்போல் நிமிர்த்தி, கைகளை மடிமேல் மலர்த்தி, இமைகளை மூடி அமர்ந்திருந்தார் ரவிச்சந்திரன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கண்ணாடி மாளிகையொன்றனுள் கணினியோடு கணினியாய் அமர்ந்து மூத்த பொறுப்பொன்றை எய்தியவர். உறக்கம் கெட்டு, மறதி மிகுந்து, சொன்னதையே சொல்லும் நிலை வந்தபின், அலுவலகத்தார் ஏற்பாடு செய்த வகுப்பில் உதயகுமார் என்னும் பயிற்சியாளரிடம் ஊழ்கம் பயின்றவர். தியானம் என்று ஊரார் வழங்கும் அதற்கு அவ்வுதயகுமார் வகுத்துத் தந்த நெறி எளியது: மூச்சின்மேல் நினைவை நிறுத்து, ஒலி வந்தால் ஒலி என்று குறித்து விட்டுவிடு, மணம் வந்தால் மணம் என்று குறித்து விட்டுவிடு, மறுபடி மூச்சுக்குத் திரும்பு. கேட்பதற்கு எளிய இந்நெறி, கைக்கொள்வதற்கோ விலாங்கு மீனை வெண்ணெய்க் கையால் பிடிப்பதாக இருந்தது. ரவிச்சந்திரனின் மனம், வாங்கும் எண்ணம் சிறிதுமின்றிக் கடைகடையாய் ஏறி இறங்கி விலை மட்டும் கேட்டுக்கொண்டே போகும் மாலைப்பொழுது வாடிக்கையாளர் போல, மூச்சென்னும் கடையில் ஒரு கணம் நின்று, திங்கட்கிழமைக் கூட்டத்தை எட்டிப் பார்த்து, மின்தூக்கி பழுதான பூசலைத் தொட்டுத் தடவி, எவனோ எப்போதோ சொன்ன சுடுசொல்லைக் கையிலெடுத்து எடை பார்த்து, ஒன்றையும் வாங்காமல் வெளியே போய்விடும். அவரும் ஒவ்வொரு முறையும் அதன் பின்னே ஓடிச் சட்டையைப் பிடித்து இழுத்து வருவார். எழும்போது, அமர்ந்தபோது இருந்ததைவிடக் கூடுதல் எரிச்சலோடு எழுவார்.

அவருடைய அமைதிக்காக வீடு பட்ட பாடு சொல்லி முடியாது. அழுத்தக்கலன் சீழ்க்கை அடித்துவிடும் என்றஞ்சி, அவர் மனைவி சரசா ஞாயிறுதோறும் உலைவைத்து வடித்தாள். துணி துவைக்கும் பொறி அவ்வேளையில் வாய்திறவாது. மகள் நிவேதிதா கோவையில் படிக்கச் சென்றபின் காலியாய்க் கிடந்த அவளறையின் கதவு கிறீச்சிடும் என்று அதனுள் எவரும் நுழைவதில்லை. ஊழ்கத்தைப் பழிப்பதற்காக இதைச் சொன்னேனென்று அன்பர் எண்ணற்க. நல்ல சரக்கைக் குறைகூற நான் வரவில்லை. வாங்கியவர் அதை வீட்டில் எங்கே வைக்கிறார், எதை நகர்த்திவிட்டு வைக்கிறார் என்பதே இங்குச் செய்தி.

சரசாவுக்கு அந்நாட்களில் நெஞ்சை அரிக்கும் கவலையொன்று இருந்தது. அவள் தந்தை துலுக்கானம், பூவிருந்தவல்லியை அடுத்த குமணன்சாவடியில், நெடுஞ்சாலையோரம் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னே ஒரு சமையலறை, ஒரு கட்டில். மனைவி போனபின் அவருக்கு உலகம் அவ்வளவே. வாங்க வந்தவளின் கால்விரல் வாயிலை நோக்கித் திரும்புவதைக் கண்டே, அவள் விலைக்குப் படிவாளா, இதோடு போய்விடுவாளா என்று அளந்தறிய வல்ல கண் அவருக்கு. அந்தக் கண், கடைப்பலகையைத் தாண்டிச் சமையலறைக்குள் நுழைந்ததும் ஏனோ வேலைநிறுத்தம் செய்துவிடும். அடுப்பை மூட்டுவார், முன்னால் ஒரு குரல் கேட்டால் போதும், அடுப்பென்ற ஒன்று உலகில் உண்டென்பதே மறந்துபோகும். பக்கத்துத் தையற்கடை ரேணுகா ஒருநாள் சரசாவை அழைத்து, "அக்கா, நைனா மறுக்காவும் கேஸைத் தொறந்து உட்டுகினு போயிட்டாரு. நான் பாத்து மூடுனேன். எல்லா நாளும் நான் பாத்துகினு இருப்பனா?" என்று சொன்னதிலிருந்து, கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் சரசா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் விழைந்தாள். அவரோ படியவில்லை.

"பொண்ணு குடுத்த ஊட்ல போய்க் குந்திகினு சோறு துன்னா ஊரு இன்னா பேசும்? நீ கூப்டா வர முடியாது மா. மாப்ளே தன் வாயால கூப்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அவரு கூப்டலன்னா வர மாட்டியா நைனா? கேஸு உன்ன கேட்டுகினா வெடிக்கும்?"

"வெடிச்சா வெடிக்கட்டும். கூப்டாத ஊட்டுக்குப் போறதவிட அது மேலு."

இதை வெறும் வறட்டுப் பிடிவாதமென்று தள்ளிவிடலாகாது. மகளைக் கொடுத்த வீட்டில் தங்க நேர்ந்த தகப்பனுக்கு மருமகனின் வாய்ச்சொல் ஒன்றே நிற்பதற்கு நிலம். மகளின் அழைப்பு அன்பு, மருமகனின் அழைப்பு உரிமை. அந்த ஒற்றை வரியை வாங்கித் தருவதே சரசாவின் வேலையாயிற்று. உண்ணும்போது, உடுக்கும்போது, வண்டித் திறவுகோலைத் தேடும்போது என்று ஏற்ற வேளை பார்த்துப் பார்த்து, ஒருநாள் மாலை, கணவர் ஊழ்கம் முடித்துச் சாய்விருக்கையில் அமர்ந்திருக்கையில், அவள் எல்லாவற்றையும் நிரல்படச் சொன்னாள்: எரிவாயு, ரேணுகா, தந்தையின் மானம், வரும் ஞாயிறு அவர் வருவார் என்பது, நீங்களே உங்கள் வாயால் அழைக்க வேண்டும் என்பது.

"உம்" என்றார் ரவிச்சந்திரன்.

தமிழர் கண்டுபிடித்த ஓசைகளுள் இதனினும் சிறியதும் இதனினும் பெருஞ்சுமை தாங்குவதும் பிறிதில்லை. சொல்பவர் சொல்லிச் செல்ல, கேட்பவர் இடையிடையே உம் கொட்டினால்தான் சொல்பவருக்கு அடுத்த வரி ஊறும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். கேட்கிறேன் என்பதற்கும் அதுவே, ஒப்புகிறேன் என்பதற்கும் அதுவே, நீ முடித்தால் நான் எழலாம் என்பதற்கும் அதுவே. சரசா அதை ஒப்புதலென்று எண்ணி மகிழ்ந்து, நிவேதிதாவின் அறையில் புது விரிப்பு விரித்து, கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டாள். ரவிச்சந்திரனோ, தாம் உம் கொட்டியதையே அறியார். அவர் அப்போது, அன்றைய ஊழ்கம் ஏன் கைகூடவில்லை என்பதைக் கருத்தூன்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு விடிந்தபோதுதான் நாம் கதைக்குள் புகுந்தோம். வெளுத்த வேட்டி, சந்தனநிறச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் புத்தம்புதுத் தூக்குச்சட்டியோடு துலுக்கானம் வந்து சேர்ந்தார். கடைவீதியின் இரைச்சலை வென்று வென்று தடித்துப்போன அவர் குரல், வீட்டுக்குள் நுழைந்ததும் சுவர்களில் முட்டியது.

"இன்னாமா, மாப்ளே எங்க?"

"மெதுவா பேசு நைனா!"

"ஏன், ஊட்ல யார்னா தூங்கிகினு கீறாங்களா?"

"தியானம் பண்றாரு."

"கண்ண மூடிகினு குந்தறதுக்கு இம்மாங் காவலா? நான் கடைல கண்ண மூடுனா கரண்டி போயிடும்" என்று, தாழ்ந்ததாகத் தாம் நம்பிய குரலில் சொல்லி, இருக்கையின் விளிம்பில், முழுதும் அமராமலும் முழுதும் நில்லாமலும், அழைப்பைப் பெற வந்தவருக்குரிய நாணத்தோடு அமர்ந்தார். சரசா இட்டலி எடுக்க உள்ளே சென்றாள். வேண்டுமென்றேதான் சென்றாள், அந்தச் சொல் பிறக்கும்போது தான் அருகில் இருந்தால், அது தான் ஊட்டிய சொல்லாகிவிடும் என்று.

அறைக்கதவு திறந்தது. அன்றும் மனம் பிடிபடாத எரிச்சல். கடைசிச் சில மூச்சுகளில் ஏதோ ஒன்று கிட்டியதுபோலிருக்க, அதைச் சிந்திவிடாமல் ஏந்தி வருகிறவராய், விளிம்புவரை நிரம்பிய குவளையோடு நடப்பவர் போல வெளியே வந்த ரவிச்சந்திரன், மாமனாரைக் கண்டார். காணும்போதெல்லாம் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று அவர் நாவில் எப்போதும் அணியமாய் நிற்கும். முதியவருக்குத் திரும்பிப் போக வண்டி பிடித்துத் தரவேண்டுமே என்னும் நல்லெண்ணத்தில் பிறந்து, நாளடைவில் எண்ணம் உதிர்ந்து வெறும் ஓசையாய் எஞ்சிய கேள்வி.

"வாங்க மாமா. எப்ப கிளம்புறீங்க?"

அருமை பெருமையாய்ப் பரப்பிவைத்த பொருளை அடிமாட்டு விலைக்குக் கேட்டவனிடம் சினம் காட்டாமல் புன்னகைப்பது வணிகருக்குக் கைவந்த கலை. துலுக்கானம் புன்னகைத்தார். "தோ, கெளம்பிகினே கீறேன் மாப்ளே. சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார். ஆவி பறக்கும் தட்டோடு சரசா வந்தபோது, தூக்குச்சட்டி மட்டும் இருக்கையில் இருந்தது; செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்த தந்தை, "கடை தொறக்கணும் மா" என்று முகத்தைக் காட்டாமலே படியிறங்கினார்.

அதன்பின் அவ்வீட்டில் நிகழ்ந்த உரையாடல், கதவடைத்திருந்தும் கீழ்வீட்டுக்குக் கேட்டது.

"போன வாரம் உங்ககிட்ட சொன்னேன்ல?"

"என்ன சொன்ன?"

"நீங்க உம்னு சொன்னீங்க."

"உம்னா, கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

"கேட்டீங்களா?"

ரவிச்சந்திரன் தாழ்ந்த குரலில், "நான் வேணும்னேவா பண்றேன் சரசா? நிக்க மாட்டேங்குதே. ஒண்ணுலயும் நிக்க மாட்டேங்குது. அதனாலதானே தெனமும் உக்காந்து பாடாப் படுறேன்" என்றார். பொய்யில்லை, அவர் கண் கலங்கியும் இருந்தது. ஆயினும் சரசாவுக்கு அன்று இரக்கம் சுரக்கவில்லை.

"மூச்சு எங்கயும் ஓடிப் போவாதுங்க. நீங்க பாத்தாலும் பாக்காட்டியும் அதுபாட்டுக்கு வந்துகினு போய்கினு இருக்கும். ஆளு அப்படி இல்ல. ஆளு போயிடும்."

அடுத்த ஞாயிறு இருவரும் வண்டியேறிக் குமணன்சாவடிக்குப் புறப்பட்டனர். சொல்ல வேண்டிய வரி எது என்பதில் ஐயமில்லை: மாமா, இனி எங்ககூட வந்து இருங்க. அவ்வளவே. சரக்குந்துகளும் பேருந்துகளும் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களும் தத்தம் உரிமையை நிலைநாட்டிக்கொண்டிருந்த பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில், பின்னிருக்கையிலிருந்து சரசா, "எங்க, சொல்லுங்க பாப்போம்" என்பாள். தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "மாமா, இனி எங்ககூட வந்து இருங்க" என்று வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னார். பக்கத்து வண்டிக்காரன் ஒருவன், "யார்ரா மாமா?" என்று வினவும் அளவுக்குச் சொன்னார்.

உச்சிவேளை. வாங்குவோர் வரவு ஓய்ந்து, கடையின் இழுகதவு பாதி இறங்கியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய அண்டாக்களும் குடங்களும், கதவின் அடிவழியே புகுந்த வெயிலை ஒன்றுக்கொன்று கைமாற்றி விளையாடிக்கொண்டிருந்தன. "கீரை வாங்கிட்டு வரேன்" என்று சரசா வெளியிலேயே நழுவிவிட்டாள்.

"வா மாப்ளே, குந்து" என்று வரவேற்ற துலுக்கானம், முகத்தில் போன வாரத்தின் சுவடே காட்டவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிவிட்டு வந்து, தாமும் பாயில் அமர்ந்தார். மருமகன் எதற்கு வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டுவது வணிகமன்று. பெருங்கொள்முதலுக்கு வந்தவனிடம் முதலில் மழையைப் பற்றியும் மகளின் திருமணத்தைப் பற்றியும் பேசி, அவனாக வாய்திறக்க இடம் கொடுத்துக் காத்திருப்பதே அத்தெருவின் நாகரிகம். ஆகவே, கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்துப் போட்டார்.

"ஆமா, கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு ரூம்புல கண்ண மூடிகினு குந்திகினு இருந்தியே, அதுல இன்னாதான் தெரியுது?"

வெற்றிலையை நீட்டினால் போட்டுக்கொண்டு விலைக்கு வரவேண்டும். ரவிச்சந்திரனோ வெற்றிலையையே கொள்முதல் செய்யத் தொடங்கினார். ஓராண்டுக் காலமாய் வீட்டிலும் அலுவலகத்திலும் எவரும் கேளாத கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார்! நாவின் நுனியில் நின்ற அந்த ஒற்றை வரி, கூட்ட நெரிசலில் கைநழுவிய குடைபோல எங்கோ போயிற்று. மூச்சைச் சொன்னார், மூக்கின் நுனியைச் சொன்னார், ஒலி வந்தால் ஒலி, மணம் வந்தால் மணம், குறித்து விட்டுவிடவேண்டும் என்றார். துலுக்கானம் அழைப்புக்காகக் காத்துக் காத்து, "சரி, அதையுந்தான் பாத்துடலாம். பால் காயற வரைக்கும் குந்தலாமா?" என்றார்.

குந்தினர்.

இனி நிகழ்ந்ததைச் சொல்ல எழுத்தாணியும் நாணும். அத்தனை நாளும் கைக்குச் சிக்காமல் ஓடிய அந்த விலாங்கு, அன்று, அண்டாக்களுக்கும் குடங்களுக்கும் நடுவே, நெடுஞ்சாலையின் பேரிரைச்சல் பத்தடி தொலைவில் பொங்கிக்கொண்டிருக்க, ரவிச்சந்திரனின் உள்ளங்கையில் தானாகவே வந்து படுத்தது. மூச்சு வந்தது, வந்ததை அறிந்தார். மூச்சு போயிற்று, போனதை அறிந்தார். திங்கட்கிழமை இல்லை, மின்தூக்கி இல்லை, சுடுசொல் இல்லை. உள்ளே பால் பொங்கி எழுந்தது; எழுந்து, விளிம்பைத் தாண்டி வழிந்தது; வழிந்து, அடியிலிருந்த சுடரை அவித்தது. அவிந்த அடுப்பின் துளைகளிலிருந்து எரிவாயு, தடுப்பாரின்றிச் சீறி வெளியேறியது. சீறல் காதில் விழுந்தது. ஒலி, என்று குறித்துக்கொண்டார் ரவிச்சந்திரன், விட்டுவிட்டார். கருகிய பாலின் வாடையும் அதனோடு அழுகிய முட்டைக்கோசு போன்ற ஒரு நெடியும் வந்தன. மணம், என்று குறித்துக்கொண்டார், விட்டுவிட்டார், மூச்சுக்குத் திரும்பினார். ஆசான் கண்டிருந்தால் தோளில் தட்டிக்கொடுத்திருப்பார், அவ்வளவு பழுதற்ற பயிற்சி. பக்கத்தில் துலுக்கானம், தலை சற்றே சாய, வாய் சற்றே திறக்க, ஊழ்கத்துக்கும் உறக்கத்துக்கும் இடையே எல்லைக்கோடு தெரியாத ஒரு நாட்டில் இருந்தார்.

இழுகதவின் அடியில் குனிந்து நுழைந்த சரசா, நிமிருமுன்னரே நின்றாள். கீரைக்கட்டு கைநழுவியது. ஓடினாள், திருகைத் திருகினாள், எரிவாயு உருளையின் வாயை அடைத்தாள், புறக்கதவைத் திறந்து, சன்னலை முட்டித் தள்ளித் திறந்து, தன் முந்தானையாலேயே காற்றை விரட்டினாள். பின்னர் கடைக்குள் திரும்பி வந்து, அமைதி ததும்பும் அவ்விரு முகங்களையும், பேருந்தைத் தவறவிட்டவள் அதன் பின்புறத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுந்திருங்க ரெண்டு பேரும்."

விழித்தனர்.

"கேஸு நாத்தம் வந்துச்சா?"

ரவிச்சந்திரன் ஒருமுறை முகர்ந்தார். அவர் முகத்தின் ஒளி, பொட்டுப் பொட்டாய் அணைந்தது. "வந்துச்சு" என்றார்.

"வந்து?"

"மணம்னு... கவனிச்சேன். விட்டுட்டேன்."

சரசா தந்தையின் பக்கம் திரும்பினாள். "நீ?"

"எனுக்கு மூக்கு அடச்சிகினு கீது மா. மாப்ளே பாத்துக்குவாருன்னு..."

"நீ அவர நம்பிகினு கீறே. அவரு மூச்ச நம்பிகினு கீறாரு. ஒரு நெருப்புப் பொறி வந்திருந்தா, நான் கீரையோட வந்து யார வாரிகினு போயிருப்பேன்?" அதே மூச்சில் கணவர் பக்கம் திரும்பினாள்: "கூப்டீங்களா?"

"யாரை?" என்றார் ரவிச்சந்திரன்.

சொன்ன அக்கணமே அவருக்கு நினைவு வந்துவிட்டது. வந்து என்ன? விற்பனை முடிந்து துலாக்கோலை மடித்து வைத்தபின் நினைவுக்கு வரும் விலை அது. "மாமா, இனி எங்க..." என்று அவர் தொடங்க, "வேணாங்க. இப்ப சொன்னீங்கன்னா அது எனக்குப் பயந்து சொன்னது" என்று சரசா தடுத்துவிட்டாள். துலுக்கானமும் தரையைப் பார்த்தவாறு, "ஆமா மாப்ளே, வேணாம்" என்றார்.

சரசா வணிகன் மகள். கேட்டுக் கிடைக்காத பொருளை என்ன செய்வதென்பது அவளுக்கு அங்கே, அந்த அண்டாக்களின் நடுவே வளர்ந்தபோதே விளங்கியிருந்தது. இத்தனை நாளும் அதைச் செய்ய நாணியிருந்தாள், அவ்வளவுதான். உள்ளே போனாள். உருளையின் தலையில் பொருந்தியிருந்த கருவியைக் கழற்றினாள். செந்தமிழில் அதற்கொரு பெயர் இருக்கக்கூடும். நெருக்கடியில் எவர் கைக்கும் அகப்படுவது ரெகுலேட்டர் என்னும் சொல்லே. குழாயினின்று அதை உருவி, உருளையின் வாயில் மூடியை அழுத்தி, ரெகுலேட்டரைத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"இன்னாமா பண்றே? ராவுக்கு நான் இன்னாத்துல பொங்குறது? கடைச்சோறு எனுக்கு ஒத்துக்காது, தெரியுமில்ல?"

"தெரியும். ரெகுலேட்டரு என்கிட்ட கீது. சோறு என் ஊட்ல கீது. உன்ன யாரும் கூப்டல நைனா. வேணும்னா வந்து வாங்கிக்க."

கணவரை அவள் பார்க்கவில்லை. கீரைக்கட்டைப் பொறுக்கிக்கொண்டு, கதவின் அடியில் குனிந்து, வெயிலுக்குள் போய்விட்டாள்.

ஆவடி செல்லும் பேருந்தில், மடிமேல் கனத்த பையோடு சன்னலோரம் அமர்ந்தவளுக்கு அருகில், மண்ணூர்பேட்டைப் பக்கத்துத் தொழிற்கூடமொன்றின் நீலநிற மேலங்கி அணிந்த நடுத்தர அகவைப் பெண்ணொருத்தி வந்தமர்ந்தாள். சற்றுப் போனதும் மூக்கைச் சுளித்து, "இன்னாக்கா, உன் பைல கேஸு வாட அடிக்குது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ரெகுலேட்டரு."

"ரெகுலேட்டர யாருனா கையோட தூக்கிகினு ஊர் சுத்துவாங்களா?"

சரசா சிரிக்கத்தான் எண்ணினாள், அழுதாள். அழுகை ஓய்ந்ததும் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் கைப்பேசியை எடுக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. வேண்டிய இடத்தில், "எப்போ?" என்றாள், "யாரு, தையக்கடைக்காரியா சொன்னா?" என்றாள், மணமென்று குறித்து விட்டுவிட்ட இடத்தில், "அடப்பாவி!" என்று மார்பில் கைவைத்தாள், பின்பு வாய்விட்டுச் சிரித்து, சரசாவையும் சிரிக்கவைத்தாள். நடத்துநர் ஒரு நிறுத்தத்தின் பெயரைக் கூவியபோது அவள் எழ முற்பட்டு, "சரி, அடுத்ததுல எறங்கி நடந்துக்கறேன். நீ சொல்லு" என்று மறுபடி அமர்ந்தாள். அடுத்ததிலும் இறங்கவில்லை. கதை முடிந்தபோது, சரசாவின் கையை ஒருமுறை இறுகப் பற்றிவிட்டு, நெரிசலை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பேரைக் கேட்கவேண்டும் என்று சரசாவுக்குத் தோன்றுமுன் பேருந்து நகர்ந்துவிட்டது.

விளக்கு வைக்கும் வேளையில் துலுக்கானம் வந்தார், மருமகனின் வண்டிப் பின்னிருக்கையில், மாற்று வேட்டி ஒன்றை மடித்துக் கக்கத்தில் இடுக்கியவராய். "ரெகுலேட்டரக் குடுமா, போறேன்" என்றார். "சாப்டுட்டுப் பேசலாம் நைனா" என்றாள். அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். காலையில் பேருந்தேறிக் கடைக்குப் போகிறார், மாலையில் திரும்புகிறார். வருவோர் போவோரிடமெல்லாம், "ரெகுலேட்டர வாங்கிகினு போலாம்னு வந்தேன், பொண்ணு குடுக்க மாட்டேங்குது" என்று மானம் குறையாமல் சொல்லிக்கொள்கிறார். ரவிச்சந்திரன் விடியலில் அமர்கிறார். குமணன்சாவடியில் வாய்த்த அந்த அமைதி மறுபடி ஒருநாளும் வாய்க்கவில்லை என்பது அவர் குறை. அதைப் பற்றி அவர் மனைவியிடம் நெடுநேரம் பேசுவதுண்டு. அழைப்பு என்னும் அந்த வரி மட்டும் இன்றுவரை பேசப்படவில்லை. இனி அதற்குத் தேவையில்லை என்று இரண்டு ஆண்களும் தனித்தனியே முடிவு செய்துவிட்டனர், அவளைக் கேட்கவில்லை.

தந்தையின் உயிருக்கு இனி அச்சமில்லை. சரசா வேண்டியது அவள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அன்பரே, கொடுக்கப்பட்டதற்கும் எடுத்துக்கொண்டதற்கும் எடை ஒன்றே ஆயினும் சுவை வேறு. தன் வீட்டார் இருவருள் ஒருவரேனும், ஒரே ஒரு முறையேனும், தன்னை முழுதாய்க் கேட்டுத் தந்திருந்தால் அது எப்படி இனித்திருக்கும் என்பதை அவள் அறியாமலே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளைகளில், கீரை வாங்கும் வேலைகூட இல்லாதபோதும், சிற்சில முறை அவள் அந்தப் பேருந்தில் ஏறிவிடுகிறாள். பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம்பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறும் நீலமேலங்கிகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறாள். கண் அப்பால் இப்பால் அசைவதில்லை. மூச்சு வருவதும் போவதும் அவளுக்குத் தெரிவதில்லை. பேருந்து நிறையும்போது, யாரேனும் ஒருவர், "இங்க ஆள் வராங்களா?" என்று கேட்க, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் தருகிறாள்.